ஆய்வகப் பாதுகாப்பு: யார் எதற்குப் பொறுப்பு?

டை எத்தில் ஈதர் என்ற கரைப்பான் 34.6 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். கத்திரி வெயில் நாளில், ஏசி இல்லாத சென்னைக் கல்லூரி லேபில் அறையின் வெப்பமே அதைத் தொட்டுவிடும். அந்த நேரத்தில் ஈதர் பாட்டிலின் மூடியைத் திருகினால் ஆவி புஸ்ஸென்று சீறிக்கொண்டு வரும். அது காற்றைப் போல இரண்டரை மடங்கு கனம். மேலே போய்க் கலையாமல் மேசைமீது தவழ்ந்து போகும். நாலு பேர் தள்ளி யாரோ ஹாட் பிளேட்டைப் போட்டு வைத்திருந்தால் போதும். ஈதர் ஆவி பற்றிக்கொள்ளத் தீக்குச்சி தேவையில்லை, 180 டிகிரிக்குச் சூடான பரப்பு பட்டாலே பற்றும்.

அப்படிப் பற்றினால் மறுநாள் விசாரணை அறிக்கையில் என்ன வரும் என்பதை ஊகிக்கலாம்: "மாணவரின் கவனக்குறைவு." பாட்டிலைத் திறந்தவர் அவர்தானே. ஆனால் 300 மி.லி. போதுமான செய்முறைக்கு இரண்டரை லிட்டர் பாட்டிலாக வாங்கியது யார்? மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் ஸ்டோர் அறையில் அதை வைத்தது யார்? ஈதர் பயன்படும் செய்முறையை மே மாத அட்டவணையில் போட்டது யார்? ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளும் ஃப்யூம் ஹூட் பெட்டியின் மோட்டார் கெட்டு மாதங்கள் ஆன பிறகும் பழுதுபார்க்கப் பணம் ஒதுக்காதது யார்? ஒரே பாட்டிலில் நாலைந்து பேரின் கை இருக்கிறது. மாணவரின் கை அதில் கடைசி.

பல்கலைக்கழக ஆய்வகத்துக்குள் புதிதாக நுழைகிறவர், மாணவரோ உதவிப் பேராசிரியரோ, முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். ஓர் ஆபத்தை மாற்றும் அதிகாரம் யாரிடம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு பொறுப்பு அவருடையது. "பாதுகாப்பு அனைவரின் பொறுப்பு" என்று சுவரில் எழுதிவிட்டு நகர்ந்தால், கடைசியில் கேள்வி கேட்க ஆள் கிடைக்காது.

அபாயம் வேறு, இடர் வேறு

அடர் கந்தக அமிலம் தோலை அரிக்கும். அது அமிலத்தின் குணம். பூட்டிய அலமாரியில் இருந்தாலும் அந்தக் குணம் போகாது. இதை அபாயம் என்கிறோம். அந்த அமிலம் உங்கள் கண்ணில் படுவதற்கு எவ்வளவு வாய்ப்பு, பட்டால் எவ்வளவு சேதம் என்று இரண்டையும் சேர்த்துக் கணிப்பது இடர். அபாயத்தை ஒழிக்க முடியாத இடத்திலும் இடரைக் குறைக்கலாம். பாதுகாப்பு வேலை முழுக்க இந்தக் குறைப்பைச் சுற்றித்தான் நடக்கிறது.

குறைப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில், அந்தப் பொருள் தேவையா என்று கேட்க வேண்டும். தேவையில்லை என்றால் செய்முறையிலிருந்தே எடுத்துவிடலாம். தேவை என்றால் ஆபத்து குறைந்த ஒன்றால் மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். பல பிரித்தெடுப்புகளில் ஈதருக்குப் பதில் எத்தில் அசிட்டேட் போதும், அது 77 டிகிரியில்தான் கொதிக்கும். மூன்றாவது, கருவியால் தடுப்பது: ஃப்யூம் ஹூட், பன்சன் பர்னருக்குப் பதில் பாத்திரத்தை நீராவியால் சூடாக்குவது. நான்காவது நடைமுறை விதிகள்: ஈதர் வேலை நடக்கும் மேசையில் எந்த ஹீட்டரும் ஓடக்கூடாது, ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான். ஐந்தாவதாக வருவதுதான் கோட்டும் கண்ணாடியும் கையுறையும்.

இந்த வரிசையில் மேலே இருக்கும் மூன்றும் ஆசிரியர், துறைத் தலைவர், நிர்வாகம் ஆகியோரின் கையில் இருப்பவை. மாணவரின் உடம்பில் இருப்பது கடைசி ஒன்று. நம் கல்லூரிச் சுவர்களில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைப் படங்கள் பெரும்பாலும் அந்தக் கடைசி ஒன்றைப் பற்றியே இருக்கும். அது தற்செயல் என்று நம்புவது கஷ்டம். நிர்வாகத்துக்குச் செலவே இல்லாத கட்டம் அதுதான்.

வாங்கும்போதே தொடங்கும் சிக்கல்

நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடக்கூடாது என்று பிப்ரவரி, மார்ச்சில் கெமிக்கல்களை மொத்தமாக வாங்குவார்கள். விளைவு, ஆண்டிலேயே ஸ்டோர் அறை நிறைந்து வழியும் காலமும் சென்னை கொதிக்கும் காலமும் ஒன்றாக வந்துவிடுகின்றன. விடுமுறை என்பதால் அந்த அறையைத் திறந்து பார்க்கவும் ஆள் இருக்காது. கரைப்பான்களை மட்டுமாவது பருவத்துக்கு ஒரு முறை, 500 மி.லி. பாட்டில்களாக வாங்குவது விலையில் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் ஒரு பாட்டில் உடைந்தால் தரையில் ஓடுவது அரை லிட்டரா இரண்டரை லிட்டரா என்பதை அந்த முடிவுதான் தீர்மானிக்கிறது. இந்தண்டில், அதாவது வாங்கக் கேட்கும் படிவத்தில், கையெழுத்துப் போடுகிறவரின் பொறுப்பு இது.

ஸ்டோரில் பாட்டில்களை ஆங்கில அகரவரிசைப்படி அடுக்குவது பழைய பழக்கம். தேடுவதற்கு வசதி. ஆனால் அப்படி அடுக்கினால் அசிட்டிக் அமிலம், அசிட்டோன், அமோனியம் நைட்ரேட், அனிலின் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்காரும். ஒன்று அமிலம், ஒன்று எளிதில் பற்றும் கரைப்பான், ஒன்று தீயை வளர்க்கும் உப்பு, ஒன்று தோல் வழியாகவே உள்ளே போகும் நச்சு. அலமாரி சரிந்தால் இவை கலக்கும். முதலில் ஆபத்து வகையால் பிரித்து, அந்த வகைக்குள் அகரவரிசை வைத்துக்கொள்ளலாம். கரைப்பான்கள் இரும்பு அலமாரியில். அமிலங்கள் பிளாஸ்டிக் டிரேயில். நைட்ரிக் அமிலம் மற்ற அமிலங்களிலிருந்தும் தள்ளி. பெர்மாங்கனேட், நைட்ரேட், பெராக்சைடு போன்றவை தனி அறைத்தட்டில். எந்தத் திரவமும் கண் மட்டத்துக்கு மேலே வேண்டாம்.

சென்னைக்கு இன்னொரு விதி சேர்க்க வேண்டும். சோடியம், கால்சியம் ஹைட்ரைடு போலத் தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் பொருள்கள் தரைத்தளத்திலோ அலமாரியின் அடித்தட்டிலோ இருக்கக்கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊரில் இதற்கு விளக்கம் தேவைப்படாது. அக்டோபர் முதல் வாரத்தில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், ஸ்டோர் பொறுப்பாளர் ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கீழ்த்தட்டுகளைப் பார்த்தால் போதும். ஈரக்காற்றில் காகித லேபிள்கள் உரிந்து விழுவதையும் அப்போதே கவனித்துவிடலாம். லேபிள்மேல் அகலமான செலோடேப் ஒட்டுவது சின்ன வேலை, பெரிய உபகாரம்.

வெயிலுக்குப் பயந்து ஈதரை வீட்டு ஃபிரிட்ஜில் வைப்பவர்கள் உண்டு. இது இன்னும் மோசம். வீட்டு ஃபிரிட்ஜின் உள்ளே தெர்மோஸ்டாட், விளக்கு, கதவு சுவிட்ச் என்று தீப்பொறி தரும் பாகங்கள் இருக்கின்றன. மூடி கொஞ்சம் கசிந்தாலும் ஆவி வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சேரும். தெர்மோஸ்டாட் ஒரு முறை "டிக்" என்று மாறும்போது கதவு பறக்கும். உட்பகுதியில் மின்பாகமே இல்லாத, கரைப்பான்களுக்கென்று செய்யப்பட்ட ஃபிரிட்ஜ்தான் வேண்டும்.

ஈதரில் இன்னொரு வில்லங்கம், திறந்த பாட்டிலில் காற்றும் வெளிச்சமும் பட்டு மெல்ல மெல்லப் பெராக்சைடு உருவாகும். டெட்ராஹைட்ரோ ஃப்யூரான் என்ற கரைப்பானும் அப்படித்தான். உலர்ந்த பெராக்சைடு, மூடியைத் திருகும் உராய்வில்கூட வெடிக்கும். ஆகவே பாட்டிலில் மூன்று விஷயம் எழுதியாக வேண்டும்: வந்த தேதி, திறந்த தேதி, திறந்தவர் பெயர். திறந்து ஆறு மாதம் ஆனால் சோதனை செய்ய வேண்டும். கடையில் கிடைக்கும் பெராக்சைடு சோதனைப் பட்டை எளிது. அது இல்லாவிட்டால், அசிட்டிக் அமிலத்தில் புதிதாகக் கரைத்த 10 சதவீதப் பொட்டாசியம் அயோடைடு 1 மி.லி., ஈதர் 1 மி.லி.; மஞ்சளானால் பெராக்சைடு இருக்கிறது, பழுப்பானால் நிறைய இருக்கிறது. மூடியைச் சுற்றி வெள்ளைப் படிகம் தெரிந்தால் சோதனையும் வேண்டாம், பாட்டிலைத் தொடவும் வேண்டாம். அறையைப் பூட்டிவிட்டுப் பொறுப்பாளரைக் கூப்பிட வேண்டும்.

இந்த இடத்தில் லேப் அட்டெண்டரைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய பாட்டிலிலிருந்து சின்ன பாட்டில்களுக்கு அமிலம் ஊற்றி வைப்பவர் அவர். மாணவர் பருவத்துக்குப் பத்துப் பதினைந்து முறை அமிலத்தைத் தொட்டால் அவர் தினமும் தொடுகிறார். கோட், கண்ணாடி, பயிற்சி எதுவும் பல இடங்களில் அவர்வரை வந்து சேர்வதில்லை. அவர் "எனக்குப் பழக்கம்தான் சார்" என்று சொல்வதை ஏற்றுக்கொண்டு நகர்வது ஆசிரியரின் தவறு.

வகுப்புக்கு முன்னால் அரைப் பக்கம்

இடர் மதிப்பீடு என்றால் பெரிய கோப்பு என்று பலர் பயப்படுகிறார்கள். இளநிலைச் செய்முறை ஒன்றுக்கு அரைப் பக்கம் போதும். என்ன பொருள், எவ்வளவு. எதனால் தீங்கு வரலாம். யாருக்கு (பக்கத்து மேசைக்காரர், பிறகு பீக்கர் கழுவுகிறவர், கர்ப்பிணி ஊழியர் உட்பட). இப்போது என்ன தடுப்பு இருக்கிறது. இன்னும் என்ன வேண்டும், யார் செய்வார், எந்தத் தேதிக்குள். கடைசி வரியில் பெயரும் தேதியும் இல்லாத மதிப்பீடு வெறும் காகிதம்.

தகவல் எடுக்க வேண்டிய இடம் எம்எஸ்டிஎஸ் என்று லேபில் சொல்லப்படும் பாதுகாப்புத் தரவுத் தாள். உலகம் முழுக்க ஒரே வடிவம், 16 பகுதிகள். அத்தனையும் படிக்க நேரமில்லாதவர் ஐந்தை மட்டுமாவது படிக்கலாம்: 2-ஆம் பகுதி என்ன ஆபத்து என்று சொல்லும், 4 முதலுதவி, 7 கையாளுதலும் சேமிப்பும், 8 எந்தக் கையுறை, 10 எதோடு சேரக்கூடாது. சப்ளையர் தரவில்லை என்றால் பில் தீர்க்கும் முன் கேட்டு வாங்கலாம். அதற்கு மேல் அவருக்கு அவசரம் இருக்காது.

மதிப்பீடு செல்லாமல் போகும் இடம் ஒன்று உண்டு: அளவைக் கூட்டுவது. 2010 ஜனவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில், வெடிக்கும் தன்மையுள்ள நிக்கல் ஹைட்ரஸீன் பெர்குளோரேட்டை 100 மில்லிகிராமுக்கு மேல் செய்யக்கூடாது என்று வாய்வழியாக ஒரு வரம்பு இருந்தது. மாணவர்கள் சுமார் 10 கிராம் செய்தார்கள். கட்டிகளை உடைக்க உரலில் இட்டு அரைத்தபோது வெடித்து, ஒருவர் மூன்று விரல்களை இழந்தார். வாயால் சொன்ன வரம்பு யார் காதிலும் நிற்காது, எழுதி ஒட்டியிருக்க வேண்டும். வெடிபொருள் அல்லாத வினைகளிலும் கணக்கு இதேபோல் ஏமாற்றும். பாத்திரத்தின் கொள்ளளவு பத்து மடங்கானால் உண்டாகும் வெப்பமும் பத்து மடங்கு. ஆனால் வெப்பம் வெளியேறும் மேற்பரப்பு நாலரை மடங்குதான் கூடும். சின்ன ஃபிளாஸ்க்கில் சாதுவாக இருந்த வினை பெரிய ஃபிளாஸ்க்கில் பொங்குவது இதனால்தான். அளவு கூடினால் மதிப்பீடு புதிதாக.

ஆசிரியரின் பொறுப்பு சட்டத்தின் முன் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2008 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் நடந்த விபத்து உதாரணம். காற்றுப் பட்டதும் தானே எரியும் டெர்ட் பியூட்டைல் லித்தியத்தைச் சிரிஞ்சில் எடுத்தபோது பிஸ்டன் கழன்று வந்தது. உதவியாளர் கோட் போட்டிருக்கவில்லை, செயற்கை நூல் ஸ்வெட்டர் அணிந்திருந்தார். 18 நாள்களில் இறந்துபோனார். ஆய்வகத்தை நடத்திய பேராசிரியர்மீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் குற்ற வழக்குப் போடப்பட்டது. பிறகு நிபந்தனைகளோடு கூடிய ஒப்பந்தங்களில் முடிந்தது. இந்தியாவில் அலட்சியத்தால் உயிரிழப்பு நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. ஆசிரியர், மாணவர் என்று பிரிவு பார்க்காது.

ஃப்யூம் ஹூட்டும் ஃபேனும்

சென்னை லேபில் தினமும் நடக்கும் சண்டை இது. ஃப்யூம் ஹூட் வேலை செய்வதென்றால் முன்பக்கத் திறப்பு வழியாக விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் காற்று உள்ளே போக வேண்டும். 0.4-க்குக் கீழே போனால் ஆவி வெளியே கசியும்; 0.6-க்கு மேலே போனாலும் சுழல் உண்டாகி ஆவியை வெளியே இழுக்கும். மனிதர் நடக்கும் வேகமே விநாடிக்கு ஒரு மீட்டருக்கு மேல். அப்படியிருக்க, தலைக்கு மேல் ஐந்தில் ஓடும் சீலிங் ஃபேன் ஹூட்டின் வாயில் இருக்கும் மெல்லிய காற்றோட்டத்தை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. உள்ளே இருக்க வேண்டிய குளோரோஃபார்ம் ஆவி நேரே மாணவரின் மூக்குக்கு வரும்.

ஃபேனை நிறுத்தினால் கோட்டுக்குள் வியர்வை ஊற்றெடுக்கும், கண்ணாடி பனிமூட்டம் போடும். பத்து நிமிடத்தில் ஒருவர் கோட்டைக் கழற்றுவார், இன்னொருவர் ஃபேனைப் போடுவார். அவர்களைத் திட்டுவது எளிது. ஆனால் 36 டிகிரி அறையில் மூன்று மணி நேரம் மூடிய கோட்டுடன் நிற்க முடியாது என்பது உடம்பின் விஷயம். ஹூட்டின் முகத்துக்கு நேரே காற்றடிக்காதபடி ஏசி அமைப்பது, வெளியேறும் காற்றுக்கு ஈடாகப் புதுக்காற்று உள்ளே வர வழிசெய்வது, இவை நிர்வாகம் செய்ய வேண்டியவை. அது வரும்வரை கரைப்பான் செய்முறைகளைக் காலை எட்டரைக்கு மாற்றலாம், அல்லது ஜனவரி, பிப்ரவரிக்குத் தள்ளலாம். அட்டவணை போடுவதும் பாதுகாப்பு வேலைதான்.

ஹூட் ஓடுகிறதா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. டிஷ்யூ பேப்பரை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, கண்ணாடிக் கதவின் கீழ் விளிம்பில் ஒட்டுங்கள். அசையாமல் நேர் கீழே தொங்கினால் காற்று இல்லை. சீராக உள்நோக்கிச் சாய்ந்தால் ஓடுகிறது. முன்னும் பின்னும் துடித்தால் குறுக்குக் காற்று. வேகத்தை அளக்க அனிமோமீட்டரோடு ஆண்டுக்கு ஒரு முறை ஆள் வர வேண்டும். வேலை செய்பவர் பாத்திரத்தை விளிம்பிலிருந்து 15 செ.மீ. உள்ளே தள்ளி வைக்க வேண்டும், கதவை அம்புக்குறி போட்ட உயரத்துக்கு மேல் தூக்கக்கூடாது, ஹூட்டைக் காலி பாட்டில்களின் கிடங்காக்கக்கூடாது. கரண்ட் போனால்: ஹீட்டரை அணை, கதவை முழுக்க இறக்கு, அறையை விட்டு வெளியே வா. ஜெனரேட்டர் இணைப்பில் துறைத் தலைவர் அறை ஏசி இருந்து ஹூட் மோட்டார் இல்லாத கட்டடங்கள் உண்டு. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

உயிரியல் துறையினருக்கு ஓர் எச்சரிக்கை. லேமினார் ஃப்ளோ என்பது உங்கள் மாதிரியைத் தூசியிலிருந்து காக்கும் பெட்டி, அதன் காற்று உங்கள் முகத்தை நோக்கி வருகிறது. நோய்க்கிருமி வேலைக்கு அது உதவாது, வேலை செய்பவரையும் காக்கும் பயோசேஃப்டி கேபினெட்தான் வேண்டும். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதால் வரும் குழப்பம் இது.

மாணவரின் கையில் இருப்பது

பாலியஸ்டர் கோட் தீயில் உருகித் தோலோடு ஒட்டும். பருத்திக் கோட், முழுக்கை, முழங்கால் வரை, பொத்தான் அல்லது பிரஸ் பட்டன் போட்டது வேண்டும். துப்பட்டாவைக் கழற்றிப் பையில் வைத்துவிடுவது நல்லது. "குத்தி" வைப்பது போதாது. புடவை கட்டுகிற ஆசிரியைகள் முந்தானையைக் கோட்டுக்குள் அடக்க வேண்டும். தலைமுடியைக் கொண்டை போட வேண்டும், பின்னல் முன்னால் விழும். 2011-இல் யேல் பல்கலைக்கழகத்தில் இரவில் தனியாக லேத் என்ற கடைசல் இயந்திரத்தில் வேலை செய்த மாணவியின் முடி இயந்திரத்தில் சிக்கி உயிர் போனது. பக்கத்தில் இன்னொருவர் இருந்திருந்தால் சுவிட்சை அணைத்திருக்கலாம். தனியாக வேலை செய்யாதே என்கிற விதி இதற்காகத்தான். செருப்புக்கு இடமே இல்லை, மழைநாளில்கூட.

நைட்ரைல் கையுறை எல்லாவற்றையும் தடுக்கும் கவசம் என்று நினைக்க வேண்டாம். மெல்லிய கையுறையை அசிட்டோன் ஓரிரு நிமிடத்தில் கடந்துவிடும். தெறித்தால் கழற்றிப் புதிது போட வேண்டும். கையுறையோடு கதவுப் பிடியையும் மொபைலையும் தொடுவதுதான் அதிகம் காணும் தவறு. அந்த மொபைல் பிறகு கேன்டீன் மேசைக்குப் போகிறது. அடர் அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட வேண்டும். மாற்றிச் செய்தால் கனம் குறைந்த தண்ணீர் அமிலத்தின் மேலேயே நின்று, அந்த இடத்தில் கொதித்து, அமிலத்தை முகத்தில் தெளிக்கும்.

இவற்றோடு, கேட்பதும் மறுப்பதும் மாணவரின் பொறுப்பில் சேரும். "சார், இந்த கேஸ் ரெகுலேட்டர் கசிகிற மாதிரி இருக்கு" என்று சொன்ன மாணவருக்கு இன்டர்னல் மார்க் குறையாது என்கிற நம்பிக்கையை உண்டாக்குவது ஆசிரியரின் வேலை. அது இல்லாத இடத்தில் மாணவர் வாய் திறக்கமாட்டார், எத்தனை விதிப்பலகை மாட்டினாலும்.

சிலிண்டரும் திரவ நைட்ரஜனும்

2018 டிசம்பரில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் வாயு சிலிண்டர் வெடித்து ஆய்வாளர் ஒருவர் இறந்தார், மூவர் காயமடைந்தார்கள். சிலிண்டரைச் சுவரோடு சங்கிலியால், உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு மேலே, கட்ட வேண்டும். ரெகுலேட்டரைக் கழற்றியதும் மூடி போட்ட பிறகே நகர்த்த வேண்டும், அதுவும் டிராலியில். வால்வு உடைந்தால் உள்ளிருக்கும் அழுத்தம் சிலிண்டரையே ராக்கெட் ஆக்கிவிடும். ஆக்ஸிஜன் ரெகுலேட்டரில் எண்ணெய், கிரீஸ் படக்கூடாது. கசிவைச் சோப்பு நீரால் பார்க்கலாம்.

திரவ நைட்ரஜன் ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் 700 லிட்டர் வாயு. 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள மூடிய ஏசி அறையில் 10 லிட்டர் கொட்டினால் ஆக்ஸிஜன் 20.9 சதவீதத்திலிருந்து 17-க்கு இறங்கும். 19.5-க்குக் கீழே போனாலே எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். நைட்ரஜனுக்கு நிறமும் மணமும் கிடையாது, மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது. லிஃப்டில் பாத்திரத்தை மட்டும் அனுப்ப வேண்டும். ஆள் படியேறி வர வேண்டும்.

கண் கழுவும் குழாயில் தண்ணீர் வருமா?

கண்ணில் அமிலமோ காரமோ பட்டால் பத்து விநாடிக்குள் குழாயை எட்ட வேண்டும், 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். கழுவும் குழாய்க்கு நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் என்று கணக்கிட்டால் 22 லிட்டர் தேவை. சுவரில் மாட்டியிருக்கும் அரை லிட்டர் பாட்டில் குழாய்வரை போய்ச் சேரும் நேரத்துக்குத்தான் உதவும். அவசரக் குளியல் ஷவரோ நிமிடத்துக்கு 75 லிட்டர். 15 நிமிடத்துக்கு 1,100 லிட்டருக்கு மேல். மாடியில் ஒரு ஆயிரம் லிட்டர் தொட்டியை வைத்துக்கொண்டு ஷவர் பொருத்தியிருக்கிறோம் என்று சொல்லும் கல்லூரி கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

தொட்டி மொட்டை மாடியில் இருந்தால் மே மாதம் பகலில் அந்தத் தண்ணீர் கையில் பிடிக்க முடியாத சூடாக வரும். கண் கழுவும் நீர் 16 முதல் 38 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெந்நீர் கண்ணைப் புண்ணாக்கும். மாணவர் 15 நிமிடம் நிற்கமாட்டார். தொட்டிக்கு நிழல், குழாய்க்கு வெப்பத்தடுப்பு உறை போட வேண்டும். 2019 கோடையில் நகரமே தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தது. அப்படிப்பட்ட காலத்தில் கழிவறைக்கும் கண் கழுவும் குழாய்க்கும் ஒரே தொட்டி என்றால் கண் கழுவத் தண்ணீர் மிஞ்சுமா என்று தெரியாது. தனித் தொட்டி அல்லது தனி இருப்பு வேண்டும். தண்ணீர் இல்லாத நாளில் அமிலச் செய்முறை இல்லை என்று ரத்து செய்வது ஆசிரியரின் முழு உரிமை. வாரம் ஒரு முறை குழாயைத் திறந்து, துருநீர் போகும்வரை விட்டு, பக்கத்து அட்டையில் தேதியும் கையெழுத்தும் போட வேண்டும்.

தீக்காயத்துக்கு 20 நிமிடம் ஓடும் சாதாரணத் தண்ணீர். ஐஸ், பற்பசை, இங்க், எண்ணெய் எதுவும் கூடாது. அமிலம் பட்ட தோலில் காரத்தை ஊற்றி ஈடுகட்டக்கூடாது, அந்த வினை வெப்பம் தந்து புண்ணைப் பெரிதாக்கும். ஹைட்ரோ ஃப்ளூரிக் அமிலம் தனி ரகம்: முதலில் வலிக்காமலே எலும்புவரை போய் ரத்தத்திலிருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். 2.5 சதவீதக் கால்சியம் குளூக்கோனேட் ஜெல் கையில் இல்லாமல் அந்தப் பாட்டிலைத் திறக்கவே கூடாது. 108-ஐ அழைத்த பிறகு, பொருளின் தரவுத் தாளின் ஒரு பிரதியையும் காயம்பட்டவரோடு அனுப்புங்கள். சென்னையில் கண்ணுக்கு எழும்பூர் அரசுக் கண் மருத்துவமனையும் தீக்காயத்துக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையும் பலருக்கும் தெரிந்த இடங்கள். உங்கள் லேபிலிருந்து எது பக்கம், எந்த கேட் இரவிலும் திறந்திருக்கும் என்பதைக் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டுங்கள்.

வகுப்பறை

வகுப்பறையில் கெமிக்கல் இல்லை, கூட்டம் இருக்கிறது. 2004 ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்ததை நினைவில் வைத்திருக்கும் மாநிலத்தில், வெளியேறும் வழி என்பது வெறும் விதியாக இருக்க முடியாது. மாலை ஆனதும் காவலர் இரண்டாவது படிக்கட்டின் மடக்குக் கதவை இழுத்துப் பூட்டிவிடுவார். மேலே பிஎச்டி ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். உடைந்த பெஞ்சுகள் வராண்டாவில் குவிந்திருக்கும். இரண்டையும் சரிசெய்ய வேண்டியவர் முதல்வர் அல்லது எஸ்டேட் அலுவலர். கண்டால் எழுத்தில் தெரிவிக்க வேண்டியவர் அந்த அறையில் பாடம் எடுப்பவர். முதல் வகுப்பிலேயே இரண்டு வழிகளையும் கூடும் இடத்தையும் காட்டிவிட்டால், மணி அடிக்கும்போது ஆசிரியர் தலை எண்ணினால் போதும்.

மின்சாரம் இன்னொன்று. 6 ஆம்பியர் சாக்கெட் 230 வோல்ட்டில் 1,380 வாட்தான் தாங்கும். அதில் எக்ஸ்டென்ஷன் போர்டு, அதன் மேல் இன்னொரு போர்டு, அதில் கெட்டிலும் புரொஜெக்டரும் என்றால் முதலில் வயர் சூடாகும், பிறகு பிளக் கருகும். மழைக்காலத்தில் சுவரில் ஈரம் இறங்கிய சுவிட்ச்போர்டு தொட்டால் சுர்ரென்றால், அன்றைக்கே அறையை மூட வேண்டும். மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி உயிரைக் காக்கும் கருவி. அதன் "டெஸ்ட்" பட்டனை மாதம் ஒரு முறை அமுக்கிப் பார்க்காவிட்டால் அது இருந்தும் இல்லாததுபோல்தான்.

கழிவும், விட்டுவிட்டுப் போகிறவர்களும்

சிங்க்கில் ஊற்றினால் அது அடையாற்றுக்கோ கூவத்துக்கோ போகிறது. அதற்கு முன், பக்கத்து லேபின் சிங்க் வழியாக நாற்றமாகத் திரும்பி வரும். கழிவுக்குக் குறைந்தது நான்கு கேன்: குளோரின் உள்ள கரைப்பான், இல்லாத கரைப்பான், அமிலம், உலோக உப்புகள். நைட்ரிக் அமிலக் கழிவையும் ஆல்கஹால், அசிட்டோன் போன்றவற்றையும் ஒரே கேனில் ஊற்றி மூடினால் சில மணி நேரம் கழித்து, ஆள் இல்லாதபோது, கேன் வெடிக்கும். லேபுகளில் திரும்பத் திரும்ப நடக்கும் விபத்து இது. கேனை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது. 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகள்படி 90 நாளுக்கு மேல் இருப்பு வைக்கக்கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும், சென்னைக்கு அருகில் கும்மிடிப்பூண்டியில் அப்படி ஒன்று இருக்கிறது. உடைந்த கண்ணாடிக்குத் தனி அட்டைப்பெட்டி. இல்லாவிட்டால் கிழிவது துப்புரவுப் பணியாளரின் கை.

பெரிய ஆபத்து பெயரில்லாத பாட்டில். ஆய்வு மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு வெளிநாடு போய்விடுவார். அவர் செய்த "சாம்பிள் 14பி" ஃபிரிட்ஜில் இருக்கும். அது என்னவென்று யாருக்கும் தெரியாததால் யாரும் தொடமாட்டார்கள், கழிவு நிறுவனமும் எடுக்காது. இதன் எல்லை எதுவரை போகும் என்பதை 2010-இல் டெல்லி காட்டியது. டெல்லி பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985-லிருந்து பயன்படாமல் கிடந்த காமா கதிர்வீச்சுக் கருவியைப் பழைய இரும்பாக ஏலம் விட்டார்கள். மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் அதைப் பிரித்தபோது கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் வெளியே வந்தது. பலர் கதிர்வீச்சுப் பாதிப்போடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்தார். அந்தக் கருவி யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் ஓர் உயிருள்ள பதிவு இருந்திருந்தால் அது ஏலத்துக்கே போயிருக்காது.

நோ டியூஸ் படிவத்தில் நூலகம், விடுதி, விளையாட்டுத் துறை எல்லாம் கையெழுத்துப் போடும். லேப் பாட்டில்களுக்கு ஒரு வரி சேர்க்கத் துறைத் தலைவரின் ஒரு சுற்றறிக்கை போதும். அந்த வரியோடு ஒரு பட்டியல்: பாட்டிலில் என்ன, எவ்வளவு, எந்தத் தேதியில் செய்தது அல்லது திறந்தது, என்ன ஆபத்து, இனி யார் பொறுப்பு. தானே தயாரித்த சேர்மத்துக்குப் பெயர் இல்லை என்றால் எவற்றைக் கலந்து செய்தது என்றாவது எழுத வேண்டும். பெறுபவரும் பாட்டில்களை நேரில் பார்த்து எண்ணிய பிறகே கையெழுத்துப் போட வேண்டும். யாரும் ஏற்காத பாட்டில்களுக்கான கழிவுச் செலவை வழிகாட்டியின் ஆய்வு நிதியிலிருந்து எடுப்பது என்று சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டால், வழிகாட்டிகளே ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்கத் தொடங்குவார்கள்.